எட்டாம் பகுதிக்கான தொடர்ச்சிக் குறிப்புகள்

எங்கள் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறு என்று சொல்ல எதுவும் இல்லை.
அதனால் வூச்சில் யாரும்
பெயரை வைத்து எதையும் நம்புவதில்லை.

என் வேலை தொடர்ச்சி பார்ப்பது.
எந்தக் கையில் சிகரெட், எவ்வளவு எரிந்தது,
கோட்டில் எத்தனை பொத்தான் திறந்திருந்தது.
இன்று அறுந்த காட்சி நாளை தொடரும்போது
காலம் பல்லிளிக்கக் கூடாது.

ஏழு பகுதிகள் விண்கலத்திலேயே ஓடின.
விண்கலம் என்பது மூடிய நெசவாலை,
சுவரெல்லாம் முட்டை அட்டை, மேலே வெள்ளிப் பூச்சு.
எட்டாவதற்குப் பூச்சு தீர்ந்தது, அட்டை தீர்ந்தது,
முட்டை எப்போதோ தீர்ந்திருந்தது.
"அப்படியானால் நிகழ்காலத்துக்கு வரட்டும்,
அதற்கு செட் வேண்டாம்" என்றார் ரொமுவால்ட்.

அதற்குத்தான் எல்லாமே வேண்டியிருந்தது.
2381இலிருந்து வருகிறவள் தெருவில் இறங்கி
முதலில் பார்ப்பது ஒரு பழக்கடையை.
மேலிடம் போய்த் திரும்பிய தாளின் ஓரத்தில்
பச்சை மையில் ஒரு வரி:
நிகழ்காலம் நிறைந்திருக்க வேண்டும்.

வின்சென்ட்டி நிறைத்தார்.
மேலடுக்கில் முப்பத்தொரு அசல் ஆரஞ்சு,
கையெழுத்திட்டு வாங்கியவை,
கையெழுத்திட்டுத் திருப்ப வேண்டியவை.
கீழே மரப்பந்துகள்.
இரவு முழுக்க உட்கார்ந்து
ஒவ்வொன்றின் தோலிலும் புள்ளி குத்தியிருந்தார்.

நவம்பர், காலை ஏழு நாற்பது, மேகமூட்டம்.
முதல் டேக்கில் தெரு வெறுமை.
இரண்டாவதில் சட்டகத்தின் இடது ஓரம்
ஒரு பெண், கையில் வலைப்பை. நம்மவர் அல்ல.
மூன்றாவதில் பதினான்கு பேர்.
நான்காவதில் எண்ணுவதை விட்டேன்.
வரிசை மூலை திரும்பி
மருந்துக்கடையைத் தாண்டிப் போய்விட்டது.
பின்னால் நிற்பவர்களுக்கு
முன்னால் என்ன கிடைக்கிறது என்று தெரியாது.
கேட்கவும் இல்லை.

லுட்மிவா, தலையில் அலுமினியப் பட்டையோடு,
வசனப்படி அவர்களிடம் போய்க் கேட்டாள்:
"மனிதர்களே, எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?"
"வரிசையில் வா, பெண்ணே" என்றார் ஒரு கிழவர்,
"எந்த நூற்றாண்டாக இருந்தால் எனக்கென்ன."
ரொமுவால்ட் கட் சொல்லவில்லை.

ஒலிபெருக்கியை எடுத்து
வின்சென்ட்டிதான் உண்மையைச் சொன்னார்:
இது படப்பிடிப்பு, இது கடையல்ல,
முப்பத்தொன்றுதான் பழம், மற்றது மரம்.
ஒருவரும் நகரவில்லை.
வேறு ஏதாவது வண்டி வந்தாலும் வரலாமே.

முப்பத்தொன்றும் போயின. யார் கொடுத்தது என்று
என் குறிப்பில் இல்லை.
முப்பத்திரண்டாவதாக நின்ற பெலாகியா
(பெயரைக் கேட்டேன், அதை ஏன் எழுதினேனோ)
ஒரு மரப்பந்தைக் கையில் எடை பார்த்தாள்.
"இதைக் கொடு. மரத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன்.
அழுகாது."
அதற்குப் பிறகு மரமும் தீர்ந்தது.

காட்சி 14: கடை நிறைந்திருக்கிறது.
காட்சி 15: கடை காலி.
இடையில் வசன நேரப்படி ஒன்பது நொடி.
என் வாழ்க்கையின் மிக மோசமான தொடர்ச்சிப் பிழை.
"இருக்கட்டும், யாரும் கவனிக்கமாட்டார்கள்" என்றார்
படத்தொகுப்பாளர். பிறகு மெதுவாக,
"எல்லோரும் கவனிப்பார்கள்."

ஒளிபரப்பு டிசம்பர் பதின்மூன்று, ஞாயிறு.
காலையில் பெட்டியைப் போட்டால் வெறும் இரைச்சல்,
அப்புறம் சீருடைகள், ஒரு மேசை, ஒரு கொடி.
சீருடையிலேயே செய்தி வாசித்தார்கள்.
ஒரு பொத்தான்கூடத் திறந்திருக்கவில்லை.
வெளியே பனி, பனிக்குள் கவச வண்டிகள்.
எட்டாம் பகுதிக்கு முன்னால்
நிகழ்காலம் வந்து சேர்ந்துவிட்டது.

தொலைபேசிகள் ஊமையாகிவிட்டதால்
மாலையில் லுட்மிவா நடந்தே வந்தாள்,
பூட்ஸில் உப்புக்கறை, கன்னம் வெந்ததுபோல் சிவப்பு.
கோட்டைக் கழற்றவில்லை.
ஸ்டூடியோ வாசலில் சிப்பாய் நிற்பதைச் சொல்வாள்,
யார் யாரைக் கொண்டுபோனார்கள் என்று சொல்வாள்
என்று நினைத்தேன்.

"அந்த ஆரஞ்சு" என்றாள்.
"கடைசி ஷாட்டில் எந்தக் கையில் வைத்திருந்தேன்?
எப்போதாவது மறுபடி எடுத்தால்?"

தாளைப் பார்க்காமலே சொன்னேன்:
இடது கையில்.
கட்டைவிரல் நகம் தோலுக்குள் இறங்கியிருந்தது.